கை ஓடினால் கடியாரம் ஓடும்

கடியாரத்துக்குச் சாவி கொடுப்பது ஒரு காலத்தில் வீட்டுத் தலைவரின் தனி உரிமையாக இருந்தது. கூடத்துச் சுவர்க் கடியாரமானாலும் சரி, அவருடைய சட்டைப் பையில் சங்கிலியோடு கிடந்ததானாலும் சரி, வேறொருவர் கை அதில் படலாகாது. ஸ்திரீகளுக்கு மணி தெரிய வேண்டுமானால் முற்றத்து நிழலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

மேல் நாட்டிலோ மணிக்கட்டுக் கடியாரத்தை முதலில் விரும்பி அணிந்தவர்கள் பெண்களே. 1810-ஆம் ஆண்டில் நேபிள்ஸ் ராணி கரோலின் மூரா, பாரிஸ் நகரத்து ப்ரெகேயிடம் அத்தகைய கடியாரம் ஒன்றைச் செய்யச் சொன்னாள். 1812-ல் அது அவளுக்குக் கிடைத்தது. அதன் பிறகு நூறு வருஷ காலம் புருஷர்கள் அதை வளையலின் தங்கையாகவே கருதினார்கள். 1914-ல் மூண்ட மகா யுத்தத்தில், பையில் கைவிட்டு மணி பார்க்க அவகாசமில்லாத சிப்பாய்கள் கட்டிக்கொண்ட பிறகுதான் அவர்களுடைய கூச்சம் தெளிந்தது.

தானே சாவி ஏறும் கைக்கடியாரத்துக்கு ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட் 1924-ல் ஸ்விட்ஸர்லாந்தில் உரிமை பெற்றார். உள்ளே ஒரு சிறு பளு. கை அசைய அசைய அது ஊசலாடிப் பல்சக்கரங்களின் வழியாகச் சுருள்வில்லை முறுக்கும். பெண்களின் கடியாரத்தில் இதை அமைப்பது எளிதன்று. கூடு சிறுத்தால் பளுவும் சிறுக்கும். பளு சிறுத்தால் முறுக்கும் பலம் குன்றும். 1930-ல் லியோன் ஹாதோ என்பவரின் யோசனைப்படி ப்ளாங்பேன் கம்பெனியார் செய்த 'ரோல்ஸ்' என்னும் சிறு கடியாரத்தில், யந்திரம் முழுவதுமே கூட்டுக்குள் குண்டுகளின்மேல் முன்னும் பின்னும் நகர்ந்து தனக்குத் தானே சாவி கொடுத்துக்கொண்டது!

எங்கள் பெரியம்மாவிடம் 1960-களில் செய்யப்பட்ட ஸ்விஸ் கடியாரம் ஒன்று இருந்தது. தானே சாவி ஏறும் ஜாதிதான். பழைய எட்டணா அளவே இருக்கும். பெரியம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவர். தம் சொந்தச் சம்பளத்தை மாதா மாதம் மிச்சம் பிடித்து வாங்கினார். எத்தனையோ நோயாளிகளின் நாடியை அதன் விநாடி முள்ளைப் பார்த்தே எண்ணினார். சாவி கொடுத்ததாக நினைவில்லை. பகலெல்லாம் ஓயாத கைக்குத் தனியாகச் சாவி எதற்கு?

சென்ற வருஷம் பெரியம்மா காலமானார். கடியாரத்தை என்ன செய்வது என்று வீட்டில் விவாதம் எழுந்தது. பழம் பொருளுக்கு நல்ல கிராக்கி, விற்றுவிடலாம் என்றான் தம்பி. நகைகளோடு பாங்கிப் பெட்டகத்தில் வைப்போம் என்றாள் அக்கா. கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போகிறேன் என்றாள் என் பெண்.

அக்கா பயந்ததில் நியாயம் இருக்கிறது. கடியாரம் கெட்டுப் போனால் உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். மணி பார்க்கக் கைப்பேசியே போதும். ஆயினும் பெட்டகத்தில் வைத்த இத்தகைய கடியாரம் இரண்டு நாளைக்குள் நின்றுவிடும். வருஷக் கணக்கில் கிடந்தால் உள்ளே எண்ணெயும் இறுகிப் போகும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது சாகும்.

நான் பெண்ணின் பக்கம் சேர்ந்தேன். பெரியம்மா அதை நகையாக வாங்கவில்லை. தம் வேளையைத் தாமே அறிந்துகொள்ள வாங்கினார். இப்போது அது பழுது பார்ப்பவரிடம் இருக்கிறது. சுத்தம் செய்து எண்ணெய் போட்டுத் தருகிறேன், தண்ணீர் மட்டும் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் பெண்ணின் கைக்கு வரும். அதை ஓட வைப்பது இனி அவள் பொறுப்பு.