மறைத்தல் என்னும் ஒரு சொல்

அரபுச் சொற்களுள் நம் வீடுகளில் மிக எளிதாக நாவில் புரள்வதும், மிகக் குறைவாகப் பொருளறியப்படுவதும் 'காஃபிர்' என்னும் சொல்லேயாம். மத்ரஸாவில் ஓதிவரும் சிறுவனைக் கேட்டால், "முஸ்லிம் அல்லாதவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவான்.

இச்சொல்லின் வேருக்கு மூடுதல், மறைத்தல் என்பதே பொருள். உலகை இருளால் மூடுவதால் இரவையே 'காஃபிர்' என்றனர் பண்டைய அரபுக் கவிஞர். விதையை மண்ணால் மூடும் உழவனுக்கும் அப்பெயர் உண்டு. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 20ஆம் வசனத்தில் வரும் 'குஃப்பார்' என்பதற்கு உழவர் என்றே விரிவுரையாளர் பலர் பொருள் கொண்டனர். பாவத்தை மூடும் பரிகாரமாகிய 'கஃப்பாரா'வும் இவ்வேரில் பிறந்ததே.

பெற்ற நன்மையை மறைப்பது நன்றிகேடு. 14ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் நன்றியையும் குஃப்ரையும் எதிரெதிரே நிறுத்துகிறது. 26ஆம் அத்தியாயத்திலோ, தன் மாளிகையில் வளர்த்த கதையைச் சொல்லிக்காட்டும் பிர்அவ்ன், மூஸா (அலை) அவர்களையே இச்சொல்லால் சுடுகிறான்! செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த மொழியில் பிறந்த நமக்கு இக்கருத்து அயலானதன்று. மார்க்க வழக்கில் இறைமறுப்பு என்னும் பொருள் நிலைபெற்றதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது உள்ளத்தின் நிலையைக் குறிப்பது. உள்ளத்தை அறிபவன் அல்லாஹ் ஒருவனே.

கனகம்மாசத்திரத்தில் வாழும் நமக்கு இஃது ஏட்டாராய்ச்சி அன்று. 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த திருத்தணி வட்டாரம் இது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து மலைக்குச் செல்வோர் நம் சாலை வழியே நடப்பர். ஓராண்டு நம் பிள்ளைகளுள் ஒருவன் திண்ணையில் நின்று அவர்களை நோக்கி இச்சொல்லைக் கூவினான். அண்டை வீட்டு அம்மையார், "என்ன சொல்கிறான்?" என்று நம்மைக் கேட்டார். அப்பிள்ளை காய்ச்சலில் கிடந்த இரவில் நம்முடன் கண்விழித்திருந்தவர் அவர். நன்மையை மறைப்பதே குஃப்ரென்றால், அவ்வேளையில் அப்பெயர் யாருக்குப் பொருந்தும்?

சொல் வசையானால் எங்கு போய் முடியும் என்பதற்கு வரலாறு சான்று. அரபு வணிகர் நாவிலிருந்து போர்த்துக்கீசியர் அதை எடுத்து ஆப்பிரிக்கர்மேல் சூட்டினர். இலங்கைப் புத்தளத்தில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் 'காப்பிரிகள்' எனப்படுகின்றனர். தென்னாப்பிரிக்காவில் அது கொடிய இன வசையாயிற்று. அவ்வசையைப் பொழிந்த பெண்ணொருத்திக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 2019இல் இந்தோனேசியாவின் நஹ்தலத்துல் உலமா, முஸ்லிமல்லாத நாட்டு மக்களைக் காஃபிர் என விளிக்காமல் குடிமக்கள் என்றே அழைக்க வேண்டுமென முடிவு செய்தது.

பிறர் வணங்குவனவற்றை ஏசாதீர் என்பது 6ஆம் அத்தியாயத்தின் கட்டளை. சகோதரனைக் காஃபிர் என்றழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவரையே வந்தடையும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஆதலின் இச்சொல்லைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கையில் அதன் முழுப்பொருளையும் கற்பிப்போம். பிறரை அளக்கும் கோலாக அன்றி, நம் நெஞ்சைப் பார்க்கும் கண்ணாடியாக அதைக் கொடுப்போம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நன்றியுள்ள அடியார்களாக ஆக்கி அருள்வானாக!