லௌஷாவில் ஒரு கோலிக்குண்டு
ஜெர்மனிப் பயணம் – 6

மேசைமேல் கொட்டிய 20 குண்டுகளையும் அந்தப் பெரியவர் விரலால் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. "இதில் ஒன்றுகூடக் கையால் செய்தது இல்லை" என்றார். அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன அவருடைய மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

இரண்டு நாள் முன்பு வேறொரு ஊர்ச் சந்தையில், 'கைவேலை' என்று எழுதி வைத்திருந்த கடையில் 24 யூரோ கொடுத்து வாங்கியவை அவை. தங்கை பிள்ளைகளுக்காக வாங்கினேன். விலையைக் கேட்டுத் தயங்கியபோது, "ஒவ்வொன்றும் வாயால் ஊதியது" என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கோலிக்குண்டு உள்ளே கெட்டியானது, அதை யாரும் ஊதிச் செய்வதில்லை என்பது எனக்கு லௌஷாவில்தான் விளங்கியது.

லௌஷா துரிங்கியா மலைக்காட்டுக்குள் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். கூரைக்கு மட்டுமல்லாமல் பல வீடுகளின் சுவருக்கும் கருப்புக் கல்பலகை போர்த்தியிருக்கிறார்கள். மழை நாளில் ஊரே மினுமினுக்கிறது. 1597-இல் ஹன்ஸ் கிரைனர், கிறிஸ்டோஃப் முல்லர் என்ற இரண்டு கண்ணாடிக்காரர்கள் இங்கே உலை வைக்க அனுமதி வாங்கினார்கள். உலைக்கு எரிக்கக் காடு இருந்தது. ஊர் உலையைச் சுற்றி வளர்ந்தது. மனிதர்களுக்குப் பொருத்தும் கண்ணாடிக் கண்ணை 1835-இல் லுட்விக் முல்லர்-ஊரி செய்யத் தொடங்கியது இங்கேதான். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடி உருண்டைகள் உலகுக்குப் போனதும் இங்கிருந்துதான்.

கோலியின் கதை எலியாஸ் கிரைனரோடு சேர்ந்தது. அதுவரை இந்த வட்டாரத்தில் கல்லை ஆலையில் அரைத்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர் ஒரு கத்தரியைக் கொண்டுவந்தார். 1853-இல் சொந்தமாகக் கண்ணாடி ஆலையும் தொடங்கினார். அந்தக் கத்தரியின் சாயலில் ஒன்றைத்தான் பெரியவர் ஆணியில் மாட்டியிருந்தார்.

பட்டறை மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவு. ஆனாலும் தரையில் ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. விழுந்ததை உடனே கூட்டித் தகர வாளியில் போடுகிறார் மகள். நெருப்போடு வேலை செய்யும் இடத்தை இவ்வளவு துப்புரவாக வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

உலைக்குள் 1,100 டிகிரிக்கு மேல். பெரியவர் இரும்புக் கோலின் முனையில் தெளிந்த கண்ணாடியைச் சுருட்டி எடுத்தார். வெல்லப்பாகு பதம் பார்ப்பவரின் கண்தான் அவருக்கு: சொட்டு இறங்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே கோலைச் சுழற்றுகிறார். இரும்புப் பலகையில் உருட்டி அதைக் கட்டை விரல் பருமனுக்குக் கொண்டுவந்தார். வரிசையாக அடுக்கியிருந்த சிவப்பு, வெள்ளை, நீலக் கண்ணாடி இழைகள்மேல் உருட்டியதும் அவை ஒட்டிக்கொண்டன. மறுபடி உலை, மேலே இன்னொரு சுற்றுத் தெளிந்த கண்ணாடி. பிறகு மகள் மறுமுனையை இடுக்கியால் பிடிக்க, அப்பா கோலைச் சுழற்றியபடியே பின்னால் நடந்தார். கண்ணாடி கம்பியாக நீண்டது. உள்ளே இழைகள் முறுக்கிக்கொண்டன. கோலிக்குள் நாம் பார்க்கும் திருகு அந்த முறுக்குதான்.

அப்புறம் கத்தரி. பார்த்தால் இடுக்கி போலிருக்கும். ஒரு முனையில் சிறு கிண்ணம், மறுமுனையில் வெட்டும் அலகு. கம்பியின் நுனியைச் சூடாக்கிக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றினால் உருண்டை திரள்கிறது. பிடியை மெல்ல அழுத்த அழுத்தக் கழுத்து ஒடுங்கி, கடைசியில் அறுபடுகிறது. ஒரு குண்டு விழ ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்தக் கம்பியைத் தயார் செய்ய முக்கால் மணி நேரம் பிடித்தது.

அறுத்த குண்டை உடனே 500 டிகிரி அளவில் இருக்கும் ஆற்றும் அடுப்புக்குள் போட்டார். இரவு முழுக்க மெதுவாக ஆற வேண்டும். இல்லாவிட்டால் மேற்புறம் முந்தி இறுகிவிடும், உள்ளே சூடு தங்கிவிடும். காட்டுவதற்காக ஒன்றை வெளியிலேயே விட்டார். சிறிது நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மத்தியானம் வீட்டம்மா உருளைக்கிழங்கு உருண்டைகளைக் கொண்டுவந்தார். நம் கொழுக்கட்டை மாதிரிதான். பூரணத்துக்குப் பதில் நடுவில் வறுத்த ரொட்டித் துண்டுகள். மாமிசக் குழம்பு வேண்டாம் என்றதும், கேள்வி எதுவும் கேட்காமல் வெண்ணெயில் காளான் வதக்கித் தந்தார். இந்தப் பயணத்தில் நான் மனதாரச் சாப்பிட்ட சாப்பாடு அது.

சாப்பிட்டு முடித்ததும் பெரியவர் தாம் செய்த பழைய குண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, கட்டை விரலால் தடவச் சொன்னார். ஓரிடத்தில் சொரசொரப்பாக ஒரு புள்ளி தட்டுப்பட்டது. கத்தரி அறுத்த தழும்பு. அதை நெருப்பில் காட்டி ஆற்றிவிடுபவர்களும் உண்டாம். அதனால் தழும்பு இல்லாததெல்லாம் போலி என்று சொல்ல முடியாது. "ஆனால் உங்கள் 20 குண்டும் ஒரே அளவு, ஒரே திருகு. என் கைக்கு அது வராது" என்றார்.

இயந்திரத்துக்கு வரும். அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-இல் கோலி செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1914-இல் போர் வந்து ஜெர்மன் சரக்கு கடல் தாண்டுவது நின்றது. அமெரிக்கச் சந்தை லௌஷாவின் கையைவிட்டுப் போனது அப்படித்தான். நாம் பேந்தா ஆடி, தோற்றவன் முட்டியைப் பெயர்த்த குண்டுகளும் இயந்திரம் உருட்டியவையே. அவை மட்டமானவை என்று சொல்ல மாட்டேன். அவற்றைக் கைவேலை என்று விற்பதுதான் திருட்டு.

கையால் கண்ணாடி செய்யும் அறிவை யுனெஸ்கோ 2023-இல் மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கக் கேட்ட ஆறு நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. அந்தப் பட்டறையில் ஒரு குண்டு 18 யூரோ. பேரம் பேசவில்லை. ஒன்றே ஒன்று வாங்கினேன். தழும்பு இருப்பதாகப் பார்த்து எடுத்தேன்.

லௌஷாவுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள். வாங்குவதற்கு முன், ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். நிஜமாகவே செய்கிறவர் மறுக்க மாட்டார்.