வசந்தவல்லியும் எங்கள் பெரியம்மாவும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் வழியில் மேலகரம் என்று ஓர் ஊர் வரும். சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்ற கவலையில் அந்த ஊரைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவார்கள். திரிகூட ராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. சுமார் 300 வருஷங்களுக்கு முன்பு அவர் பாடியதுதான் 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. குற்றாலத்திலேயே வாழ்ந்து 1954-ல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. அதைப் பலருக்கும் பாடிக் காட்டி ருசிக்க வைத்தார். 1944-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் அதை நாட்டிய நாடகமாகவே போட்டார். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன பெண்கள் யாரானாலும் குரங்கும் அருவியும் வருகிற அந்த மலைப் பாட்டை மட்டுமாவது மனப்பாடம் செய்திருப்போம்.

அதில் வரும் கதாநாயகி வசந்தவல்லி. பெரிய வீட்டுப் பெண். நகைக்கும் அலங்காரத்துக்கும் குறைவில்லை, கூட வரத் தோழிகள். பந்து விளையாட வெளியே வருகிறாள். குற்றாலநாதர் பவனி வருவதைப் பார்க்கிறாள், மனசைப் பறிகொடுத்து விடுகிறாள். அவ்வளவுதான்! அப்புறம் நிலா சுடுகிறது, தென்றல் சுடுகிறது என்று படுத்துவிட வேண்டியதுதான். சேதி சொல்லக்கூடத் தோழிதான் போக வேண்டும். எழுந்து நாலு அடி நடந்து கோயிலுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று எனக்குச் சின்ன வயசில் கோபம் கோபமாக வரும்.

அப்போதுதான் குறத்தி சிங்கி வருகிறாள், கூடையும் கோலுமாக. மலையைச் சொல்கிறாள், அருவியைச் சொல்கிறாள், ஊர் ஊராகத் தான் போய் வந்ததைச் சொல்கிறாள். வசந்தவல்லியின் கையைப் பிடித்துப் பார்த்துக் குறி சொல்கிறாள். பின்பாதி முழுக்கச் சிங்கியும் அவள் புருஷன் சிங்கனும்தான். பெண்டாட்டியைத் தேடி வந்தவன் அவள் காலில் கிடப்பதைப் பார்த்துப் பாம்போ என்று பயப்பட, சேலத்துப் பக்கம் குறி சொன்னதற்குக் கிடைத்த சிலம்பு என்கிறாள் அவள். ஒவ்வொரு நகையும் ஒவ்வோர் ஊரில் அவளே சம்பாதித்தது. வசந்தவல்லியின் நகையெல்லாம் யாரோ பூட்டிவிட்டது. கவிராயர் இதை நினைத்துப் பாடினாரோ என்னவோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

பெண்ணை வீட்டுக்குள் வைத்துக் காப்பது நமக்குப் புதுசில்லை. சங்கப் பாட்டிலேயே 'இற்செறிப்பு' என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஜப்பான்காரர்களுக்கும் அந்த வழக்கம் இருந்திருக்கிறது. அங்கே இப்படி வளர்க்கப்பட்ட பெண்ணை 'ஹாகோஇரி முசுமே' என்பார்களாம். பெட்டிக்குள் வைத்த மகள் என்று அர்த்தம். கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். லீவுக்கு வந்தால் ஜப்பான் கார்ட்டூன் கதைகளைப் போனில் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதில் 'ஓஜோசாமா' என்று ஒரு பணக்காரப் பெண் அடிக்கடி வருவாள். சுருள் சுருளாகத் தலைமுடி தொங்கும். புறங்கையை வாயில் வைத்து, 'ஓஹோஹோ' என்று சிரிப்பாள். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கத் தெரியாது. பஸ் ஏறத் தெரியாது. பார்த்ததும், "அடி, இவள் நம்ம பழைய சினிமாவில் மாடிப்படியில் இறங்கி வருகிறவள் இல்லையா!" என்றேன்.

உண்மைதானே? 1963-ல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் சரோஜா தேவி. 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா'வில் லண்டனில் படித்து வந்த ஜெயலலிதா. 1999-ல் 'படையப்பா'வில் பதினெட்டு வருஷம் அறைக்குள் அடைந்து கிடந்த நீலாம்பரி வரைக்கும் அதே அச்சுதான். நம் சினிமாக்காரர்களுக்குப் பணக்காரப் பெண் என்றால் திமிர். திமிருக்கு மருந்து ஒரு மாப்பிள்ளை. அவன் அடக்கி வழிக்குக் கொண்டுவந்தால் படம் முடிந்துவிடும். தியேட்டரில் கை தட்டியவர்களில் நம் வீட்டுப் பெண்களும் உண்டு.

ஆனால் நான் பார்த்த பெரிய வீட்டுப் பெண்ணுக்குத் திமிர் என்பது மருந்துக்கும் கிடையாது. பயம்தான் இருந்தது.

என் கணவரின் பெரியம்மாவைச் சொல்கிறேன். நானும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். தென்காசியில் அவர் அப்பாவுக்கு ரைஸ் மில், குற்றாலம் போகிற வழியில் நஞ்சை. நாலு ஆண் பிள்ளைகளுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். 1964-ல் பெரியவளானதும் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. காசி விஸ்வநாதர் கோயிலுக்குக்கூடக் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவார்களாம். அந்தக் கோபுர வாசல் காற்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆளையே தள்ளும். "பாவாடையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஓடுவேன், அது ஒண்ணுதான் நான் ஓடின ஓட்டம்" என்று பெரியம்மா சிரிப்பார்.

குற்றாலத்துக்கு மூன்று மைல்தான். சாரல் மாசத்தில் வருஷா வருஷம் போவார்கள். எப்படி? விடிகாலை நாலு மணிக்கு, கண்ணாடிக்குத் திரை போட்ட காரில். ஆள் சேருவதற்குள் குளித்து, ஈரத் தலையோடு ஏற்றி, வெளிச்சம் வருவதற்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள். கல்யாணம் வரைக்கும் பேரருவியை அவர் பகலில் பார்த்ததே இல்லை! சத்தம் தெரியும், குளிர் தெரியும், எவ்வளவு உயரம் என்று தெரியாது.

அப்பாவைக் குறை சொன்னால் பெரியம்மாவுக்குப் பிடிக்காது. "அவுகளுக்கு என் மேல உசுரு" என்பார். அது உண்மைதான். அதனால்தான் சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது. கொடுமைக்கார அப்பா என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

1970-ல் கல்யாணம். புருஷனும் நல்லவர், ஒரு சொல் சுடச் சொன்னதில்லை. பணம் வேண்டுமா, மேஜை மேல் வைப்பார். துணி வேண்டுமா, கடைக்காரரே மூட்டை கொண்டு வந்து திண்ணையில் விரிப்பார். போன் மணி அடித்தால் பெரியம்மா எடுக்க மாட்டார். ஆள் இல்லாதபோது அது பாட்டுக்கு அடித்து ஓயும். ஆனால் ஒன்று, படிப்பார். எட்டாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு கல்கி, லக்ஷ்மி என்று ஒன்று விடாமல் படிப்பார். தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்த கட்டு இன்னும் பரணில் இருக்கிறது.

2012-ல் பெரியப்பா மாரடைப்பில் போய்விட்டார். உயில் கிடையாது. மகன் பம்பாயில், மகள் சென்னையில். பதினாறு முடிந்து எல்லாரும் போன பிறகுதான் தெரிந்தது, பெரியம்மாவுக்கு எந்த பேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது, நிலம் யாரிடம் குத்தகைக்கு இருக்கிறது என்று தெரியாது. வயசு அறுபத்தொன்று.

அந்தச் சமயத்தில் உறவுக்காரர் ஒருவர் தினமும் வந்து போனார். "நீங்க அலைய வேண்டாம் மதினி, வரி கட்டவும் குத்தகை வாங்கவும் எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுத்தா போதும்" என்றார். ஆறு பக்கம் டைப் அடித்துக்கொண்டும் வந்துவிட்டார். பெரியம்மாவுக்குச் சந்தோஷம்தான், பாரம் இறங்குகிறதே!

வாசலில் நெல்லிக்காயும் மங்குஸ்தானும் கூடையில் கொண்டுவந்து விற்கிற ஓர் அம்மாள் உண்டு. படிக்காதவள். ஆனால் ஊர் ஊராய்ப் போகிறவள். பெரியம்மா பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டாள். "ஆச்சி, முழுக்கப் படிக்காம கையெழுத்துப் போட்டிராதிய. எங்க அண்ணன் இப்படித்தான் ரேகை வச்சான், மனை போச்சு. உங்களுக்குத்தான் எழுத்துத் தெரியுமே!" என்றாளாம். (சிங்கி என்று நான் அவளுக்கு மனசுக்குள் பெயர் வைத்திருக்கிறேன். குறி சொல்லவில்லையே தவிர, மற்றதெல்லாம் பொருத்தம்.)

ராத்திரி பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொடர்கதை படித்த கண் அல்லவா, ஒரு வரி விடவில்லை. நாலாவது பக்கத்தில் 'கிரயம் செய்து கொடுக்கவும்' என்று இருந்தது. காலையில் எனக்கு ஆள் அனுப்பினார். "ஏட்டி, கிரயம்னா விக்கிறதுதானே? வரி கட்டுறதுக்கு எதுக்கு வித்துக் குடுக்கிற அதிகாரம்?"

அவர் கையெழுத்துப் போடவில்லை. உறவுக்காரர் கோபித்துக்கொண்டு போனார். அப்புறம் ஒரு வருஷம் நானும் பெரியம்மாவும் அலைந்தோம். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழ், சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று, பிறகு பட்டா மாற்றம். இதை எழுதக் காரணமே நம் சகோதரிகளில் பலருக்கு இது தெரியாமலிருப்பதுதான். 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கணவர் தான் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், மகன் மகள் என்ற வித்தியாசமில்லாமல், சம பங்கு. கணவரின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. அப்படி வந்த பங்கு மனைவிக்கு முழுச் சொந்தம், ஜீவனாம்சத்துக்காக விட்டு வைத்தது அல்ல. பவர் பத்திரத்தில் விற்கிற அதிகாரமும் எழுதியிருந்தால், அதை வாங்கினவர் நம்மைக் கேட்காமலே விற்றுவிட முடியும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் வரும். இப்போது இதையும் பட்டாவையும் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்.

முதல் தடவை பேங்குக்குப் போனபோது பெரியம்மாவின் கை நடுங்கியது. பணம் எடுக்கிற ஸ்லிப்பை மூன்று முறை கிழித்துப் போட்டார். பின்னால் நின்ற ஒரு பையன் 'உச்' கொட்டினான். நான் எழுதித் தருகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை.

மகள் போன லீவில் ஒரு ஜப்பான் நாவலை ஆங்கிலத்தில் கொண்டுவந்து எனக்குக் கதை சொன்னாள். தானிசாகி என்பவர் எழுதிய 'சசமேயுகி'. 1943-ல் பத்திரிகையில் தொடராக வர ஆரம்பித்து, யுத்த காலத்தில் இது என்ன பெண்கள் கதை என்று ராணுவத்தார் நிறுத்தி, 1948-ல்தான் முழுசாக முடிந்ததாம். ஒசாகா வியாபாரக் குடும்பத்தில் நாலு அக்கா தங்கைகள். மூன்றாமவள் யுகிகோ வெளியே பழகாத பெண். நல்ல வரன் ஒன்று வருகிறது, அவரே போன் செய்து பேச விரும்புகிறார். இவளுக்கு வார்த்தை வரவில்லை. வரன் தட்டிப் போகிறது. போன் கட்டத்தைக் கேட்டதும் பெரியம்மா, "பாவம், அது வேணும்னு பண்ணலை பிள்ளே. தொண்டை அடைச்சுக்கிடும், எனக்குத் தெரியும்" என்றார். ஒசாகாப் பெண்ணுக்காகத் தென்காசியில் ஒருவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

இந்த மகளை ஹாஸ்டலில் சேர்க்கிற சமயம் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. பொம்பளைப் பிள்ளை, தூரம், காலம் கெட்டுக் கிடக்கிறது என்று மாமியார் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. செய்தித்தாளைத் திறந்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. பெரியம்மா ஒன்றும் வாதாடவில்லை. "அவளுக்கு பேங்க் ஸ்லிப் எழுதத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது. எல்லாம் போனில் செய்கிற பிள்ளை அது. மறுநாள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், கவுண்ட்டரில் நிறுத்தி எழுத வைத்துவிட்டுத்தான் விட்டார். அந்த வாரமே சேர்த்தோம்.

நஞ்சை இப்போது பெரியம்மா கணக்கில் இருக்கிறது. குத்தகைக்காரர் நெல்லை அளக்கும்போது நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார். மூட்டைக் கணக்கை எழுதுவது பழைய தொடர்கதைக் கட்டின் பின்பக்க வெற்றுத் தாளில்தான். போன ஆனியில் சாரல் நன்றாகப் பிடித்தபோது, டவுன் பஸ்ஸில் எங்களோடு குற்றாலம் வந்தார். பகல் பதினோரு மணி, ஞாயிற்றுக்கிழமை, பேரருவியில் பெண்கள் பக்கம் சொல்லி முடியாத கூட்டம். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றார். நடுவில் புகப் பார்த்த ஒருத்தியை, "ஏளா, நாங்க நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? பின்னால போ" என்று சத்தம் போட்டார். அவள் போனாள்.