கசப்பு விளைந்த மலைகள்

ஹட்டனை விட்டுப் புறப்படும் புகையிரதம் சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து கொட்டகலைப் பக்கத்து வெளிச்சத்தில் தலை நீட்டியதும், பெட்டியிலிருப்போர் யன்னல்களை நோக்கி நெருங்குவர். டெவன் அருவியையும், அதனையடுத்துச் சென் கிளெயார் அருவியையும் காண்பதற்கே அந்த நெருக்கம். மேல் கொத்மலை நீர்மின் நிலையம் 2012 இல் தொழிற்படத் தொடங்கிய பின்னர்ச் சென் கிளெயாருக்குப் பழைய பெருக்கு இல்லை. எனினும் அதனைக் காணும் ஆவல் மட்டும் குறைந்தபாடில்லை. அடுத்து வரும் நிலையம் தலவாக்கலை. இறங்கி நிமிர்ந்து பார்த்தால் எத்திசையிலும் தேயிலை. இம்மலைகள் படைப்புக் காலந்தொட்டே தேயிலை உடுத்து நிற்கின்றன என்று நம் மாணவர்களிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அவ்வெண்ணத்தைச் சற்றே அசைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

தேயிலைக்கு முன் இங்கே கோப்பி இருந்தது என்பதைப் பாட்டன்மார் சொல்லக் கேட்டோர் உண்டு. கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில் இன்னொரு பயிர் வந்து, இருபது ஆண்டுகளுக்குள் ஓங்கி வளர்ந்து ஒழிந்தும் போயிற்று என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அப்பயிர் சிங்கோனா. அதன் பட்டையிலிருந்து கிடைப்பதே, காய்ச்சலுக்கு மருந்தான கொயினா. "கொயினாக் கசப்பு" என்று முதியோர் முகஞ்சுளித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கசப்பு விளைந்த மலைகள் இவையே.

தென் அமெரிக்காவின் அந்தீசு மலைச்சாரலுக்குரியது அம்மரம். அதன் விதைகளையும் நாற்றுகளையும் கொணர 1860 இல் கிளெமென்ற்சு மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் தலைமையில் ஒரு குழு அங்குச் சென்றது. இந்தியாவில் நீலகிரி மலையும், இலங்கையில் நுவரெலியாவை அடுத்த ஹக்கலையும் அதனை வளர்க்கத் தெரிந்தெடுக்கப்பட்டன. இன்று நாம் ரோசாப் பூக்களையும் பெரணிகளையும் காணச் செல்லும் ஹக்கலைத் தாவரத் தோட்டம், 1861 இல் இக்கசப்பு மரத்துக்காகவே தொடங்கப்பட்டது. பேராதனைத் தோட்டத்தின் அதிபராயிருந்த துவெயிற்சு அதனைப் பேணி வளர்த்தார். ஆயினும் கோப்பியில் பொன் கொழித்த காலத்தில் தோட்டத்துரைமார் இந்நாற்றுகளை ஏறெடுத்தும் பார்த்திலர்.

1869 இல் கோப்பி இலையிற் செம்மஞ்சட் பொடிபோல ஒரு நோய் தோன்றியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளிற் கோப்பித் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மடிந்தன. கடனில் மூழ்கிய துரைமார் அப்பொழுதுதான் ஹக்கலைப் பக்கம் திரும்பினர். திம்புளை முதலிய பகுதிகளிற் கோப்பி நிரைகளுக்கு நடுவிலும் ஓரங்களிலும் சிங்கோனா ஊன்றப்பட்டது. லூல்கந்துரவில் தேயிலையை முதன்முதல் வணிகப் பயிராக்கிய ஜேம்சு டெயிலரே சிங்கோனாவிலும் முன்னோடி என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். 1883 அளவில் இத்தீவில் 60,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் இம்மரம் நின்றது.

பட்டை எடுக்கும் தொழில் நுணுக்கமானது. மரத்தை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்க விடுவது ஒரு முறை. நிற்கும் மரத்தின் மேற்பட்டையை மட்டும், உள்ளிருக்கும் உயிர்ப்படை காயமுறாவண்ணம் மெல்லிய சீவல்களாகச் சீவி எடுப்பது மற்றொரு முறை. சீவிய இடத்திற் புதுப்பட்டை வளரும். அப்புதுப்பட்டையிற் கொயினா பழையதினும் மிகுதி. நீலகிரியில் மக்கைவர் என்பார் உரித்த இடத்தைப் பாசியினால் மூடி இதனைக் கண்டறிந்தார். கத்தி சற்று ஆழமாய் இறங்கினால் மரம் பட்டுப்போகும். அந்தக் கைப்பக்குவம் யாருடையது? திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடு வழியே கால்நடையாய் நடந்து வந்த நம் மக்களுடையது. அந்த வழியிற் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். காய்ச்சற் காட்டைத் தப்பிவந்தவர் கைகளே காய்ச்சலுக்கு மருந்தாகும் பட்டையை உரித்துக் காயவைத்துச் சாக்கிற் கட்டி இலண்டன் ஏலத்துக்கு அனுப்பின. ஏடுகளில் துரைமார் பெயர்கள் உள. சீவியவர் பெயர் ஒன்றேனும் நம் கண்ணிற் படவில்லை.

1880 களின் நடுப்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஒரு கோடி இறாத்தலுக்கு மேற்பட்ட பட்டை இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று. அதுவே அதன் முடிவும் ஆயிற்று. சந்தையிற் குவிந்த பட்டைக்கு விலை சரிந்தது. விலை சரியவே மரங்களை வேரோடு பிடுங்கித் தேயிலை நட்டனர். பிடுங்கிய மரங்களின் பட்டையும் சந்தைக்கே போய் விலையை இன்னும் கீழே தள்ளியது. சாவாத் தீவில் ஒல்லாந்தர் வளர்த்த லெட்சர் இனம் கொயினாச் சத்து மிகுந்தது. அதனோடு நம் செம்பட்டை போட்டியிட இயலவில்லை. (அந்த லெட்சர் இனத்து விதையைப் பொலிவியக் காட்டிலிருந்து தேடிக் கொடுத்த மானுவேல் மமானி என்னும் பழங்குடி மகன், அதற்காகவே சிறையில் அடியுண்டு மாண்டான். கசப்பின் வரலாறு எங்கும் கசப்பே போலும்!) செம்பட்டைக்கு மருந்துக்கடைப் பட்டை என்றொரு பெயரும் வழங்கியது. கொயினா பிரித்தெடுக்கும் ஆலைகளினும், மதுவில் ஊறவைத்துக் கசாயச் சாரம் வடிக்கும் மருந்துக்கடைக்காரர்களே அதனை விரும்பி வாங்கினர். இங்கிருந்துதான் நம் கதை இத்தாலிக்குத் திரும்புகின்றது.

சிலாபம், வென்னப்புவைப் பகுதிகளிலிருந்து இத்தாலிக்குத் தொழில் தேடிப் போனோர் பல்லாயிரவர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வழியாக நம் நண்பர் ஒருவர் வீட்டுக்கு ஒரு போத்தல் வந்து சேர்ந்திருந்தது. கருந்தேன் நிறம். பெயர்ச்சீட்டில் இருந்த சொல்லை நண்பரின் மகன் ஆங்கில முறைப்படி "சைனா" என்று வாசித்து, இது சீனத்துப் பொருள் என்று தீர்ப்பும் கூறிவிட்டான். இத்தாலியர் அவ்வெழுத்துகளைக் "கீனா" என்று ஒலிப்பர். பெருநாட்டுப் பழைய மொழியில் சிங்கோனாப் பட்டைக்குக் "கீனா-கீனா" என்று பெயர் வழங்கிற்று. அச்சொல்லே இத்தாலியில் கீனா ஆயிற்று. ஆங்கிலத்தில் குயினைன் ஆயிற்று. நம் வாயிற் கொயினா ஆயிற்று. மூடியைத் திறந்து முகர்ந்தோம். சித்த மருந்துக்கடை ஒன்றின் படியேறியது போன்ற மணம். தோடம்பழத் தோலும் இலவங்கமும் முன்னே வர, பின்னே மரப்பட்டையின் காரமான கசப்பு.

இத்தாலியிற் இத்தகைய பானங்களுக்குப் பொதுப்பெயர் "அமாரோ". அதன் பொருளே கசப்பு என்பதுதான். மடங்களிலும் மருந்துக்கடைகளிலும் வயிற்று மருந்தாகத் தோன்றி, 19 ஆம் நூற்றாண்டில் வணிகப் பொருளானவை இவை. மிலான் நகரில் 1815 இல் ரமசோத்தியும், 1845 இல் பெர்னெற் பிராங்காவும், சிசிலித் தீவில் 1868 இல் அவெர்னாவும், ஆல்ப்சு மலையூராகிய போர்மியோவில் 1875 இல் பிராவுலியோவும் பிறந்தன. வேர், பட்டை, பூ, பழத்தோல் ஆகியவற்றை மதுசாரத்தில் ஊறவைத்து, சீனியும் நீரும் கூட்டி, சிலவற்றை மரப்பீப்பாயில் ஓய்வாக வைத்து எடுப்பர். பெர்னெற் பிராங்காவிற் சேரும் மூலிகைகள் 27 என்பர். அவற்றுட் சிலவற்றை நம் மொழியிற் சொன்னால் வாசகர் வியப்பர்: கரியபோளம், வெள்ளைப்போளம், இரேவற்சின்னி, குங்குமப்பூ, சிங்கோனாப் பட்டை. நம் பாட்டிமார் அஞ்சறைப் பெட்டிக்கு அப்பால் வைத்திருந்த மருந்துப் பெட்டியன்றோ இது!

அருந்தும் முறையில் இத்தாலியர் ஓர் ஒழுங்கு வைத்திருக்கின்றனர். உணவுக்கு முன் அருந்துவது வேறு, பின் அருந்துவது வேறு. முன்னது பசியைத் திறப்பதற்கு. கம்பாரி போன்ற செந்நிறக் கசப்பைச் சோடா நீருடன் நெகிழ்த்தி, பனிக்கட்டியும் தோடம்பழத் துண்டும் இட்டு மாலையிற் பருகுவர். பின்னது உண்டது செரிப்பதற்கு. அமாரோவைக் கலப்பில்லாமற் சிறு கிண்ணத்தில் வார்த்து, மிடறு மிடறாக, பேச்சுக்கிடையே நெடுநேரம் வைத்துக் குடிப்பர். பிராவுலியோவைக் குளிரவைப்போரும் உளர். குளிர் மிகுந்தால் மணம் ஒடுங்கும் என்று மறுப்போரும் உளர். கடுங்கோப்பியிற் சில துளி விடுவதற்குத் "திருத்திய கோப்பி" என்று பெயர். (கோப்பியில் திருத்துவதற்கு என்ன பிழை இருந்ததோ!) கூனைப்பூ இலையிலிருந்து வடித்து 1952 இல் விற்பனைக்கு வந்த சினார், முன்னும் பின்னும் பொருந்தும் என்பர். இத்தாலியர் குடியேறிய ஆர்சென்ரீனாவிலோ இளைஞர் பெர்னெற்றைக் கோலாவுடன் பெரிய குவளையிற் கலந்து குடிக்கின்றனர். இது நமக்கு மருந்தைப் பாயசத்திற் கலப்பதாகவே தோன்றுகின்றது.

இரும்புச்சத்தும் சிங்கோனாவும் சேர்த்து, 1881 இல் மிலானில் ஒரு கசப்புப் பானத்தை விற்கத் தொடங்கியவர் பெலிசே பிசிலேரி. இத்தாலி அக்காலத்தில் மலேரியா நாடு. 1900 இல் அந்நாட்டு அரசு, புகையிலையும் உப்பும் விற்கும் கடைகளிலேயே கொயினாவை மலிவு விலைக்கு விற்கச் சட்டம் செய்தது. பிசிலேரியின் பெயரை நாமும் அறிவோம். 1965 இல் பம்பாயில் அப்பெயருடன் போத்தல் நீர் விற்கத் தொடங்கினர். தமிழகத்து யாத்திரையின்போது நம் கையிலிருக்கும் நிறமும் சுவையுமற்ற அந்நீர்ப் போத்தலின் பெயர், ஒரு கொயினாக் கசாயக்காரர் பெயர்!

கசப்பு நமக்குப் புதிதன்று. அறுசுவையுள் அதற்கு ஓரிடம் கொடுத்தோம். சித்திரைப் பிறப்பில் வேப்பம்பூ, நாள்தோறும் பாகற்காய், தடிமன் வந்தால் கொத்தமல்லியுடன் மரமஞ்சள் அவித்த குடிநீர். ஊறலிலே தானே புளித்து மதுசாரம் தோன்றும் தசமூலாரிட்டம், அபயாரிட்டம் முதலியவற்றை அமாரோவின் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். மனித நாவில் கசப்பை உணர்வதற்கென ஏறக்குறைய 25 வகை வாங்கிகள் இருப்பதாக அறிவியலார் கூறுவர். நஞ்சுச் செடிகள் பெரும்பாலும் கசப்பவையாதலின், இயற்கை இத்தனை காவலரை வைத்தது. காவலர் விழித்ததும் வாயில் நீர் ஊறும். பெருவிருந்துக்குப் பின் இத்தாலியர் நாடுவதும் இதனையே.

நாம் பருகும் தேநீரும் கசப்புத்தான். கொழுந்தை வாடவைத்து, நசுக்கி, காற்றுப்பட விட்டு, உலர்த்துவதனாற் பச்சை இலையின் கசப்புத் தணிந்து துவர்ப்பாகின்றது. அக்கலையை ஆராயவே 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், இத்தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்துள்ளது. லயத்தில் விடியற்காலையிற் சாயத்தண்ணீரைக் கையிற் சீனி வைத்து நக்கிக் குடிப்பதும், கசப்பை அளவறிந்து குடிக்கும் முறையன்றோ?

அளவு என்றதனால் ஒன்று சொல்லாதிருக்க இயலாது. சினாரில் மதுசாரம் நூற்றுக்கு 16.5 பங்கு, அவெர்னாவில் 29, பெர்னெற் பிராங்காவில் 39. சீனியும் ஏராளம். மருந்து என்று பெயரிட்டதனால் மது மருந்தாகிவிடாது. இம்மலைகளிற் சம்பள நாளன்று தவறணைக்கும் கசிப்புக்கும் போகும் பணத்தால் அடுப்பெரியாத வீடுகளை நாம் அறிவோம். அவ்வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே இதனை வாங்கிச் சுவைக்க எவரையும் நாம் தூண்டவில்லை. இத்தாலியரே மதுவற்ற கசப்புப் பானங்களையும் செய்கின்றனர். குட்டித் தோடையினத்துப் பழத்தில் ஆக்கும் கினோத்தோ அவற்றுள் ஒன்று. நம் வீட்டிலோ, கடுஞ்சாயத் தேநீரில் நாரத்தந்தோலும் இஞ்சியும் இரண்டு கொத்தமல்லியும் இட்டு, கருப்பட்டி கடித்துக் குடித்தால் போதும்.

கொயினாவை நேரிற் காண விரும்பும் மாணவர்க்கு ஒரு வழி உண்டு. கொயினா சேர்ந்த டொனிக் நீர் ஒரு போத்தலை வாங்கி, இருட்டறையில், பணத்தாள் சோதிக்கும் ஊதாக் கதிர் விளக்கின் முன் பிடித்துப் பாருங்கள். தெளிந்த நீர் நீல ஒளி வீசும். 1852 இல் ஸ்ரோக்சு என்னும் அறிஞர் ஒளிர்வைப் பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட பொருள்களுள் கொயினாவும் ஒன்று. 1934, 35 ஆம் ஆண்டுகளில் இத்தீவில் ஏறக்குறைய 80,000 உயிர்களை மலேரியா கொண்டுபோன நாட்களில், ஊரூராய்க் கொடுக்கப்பட்டதும் இதே பொருளே. 2016 இல் இலங்கை மலேரியாவற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

தலவாக்கலையிலிருந்து நானுஓயா வழியாக நுவரெலியா சென்று, வெலிமடைப் பேருந்தில் ஏறினால் சீத்தாஎலிய அம்மன் கோயில் வரும். அடியார்கள் பெரும்பாலும் அங்கே இறங்கி வழிபட்டுத் திரும்பிவிடுகின்றனர். அதே வீதியில் சிறிது தூரம் அப்பாற் சென்றால் ஹக்கலைத் தோட்டத்து வாயில்.