மண் குவளையும் பாதரசமும்

ஒரு லிட்டர் தண்ணீரில் பத்து கிராம் சர்க்கரை. அந்தக் கணக்கில் காபி வந்தால், சர்க்கரை போட மறந்துவிட்டீர்களா என்றுதான் கேட்பேன். அந்தச் சப்பென்ற தண்ணீர், பாதரசத்தை அரை மீட்டருக்கு மேல் தூக்கி நிறுத்தும் என்று படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

செய்து பார்த்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஃபெஃபர். 1877-இல் அதைப் புத்தகமாகவே போட்டார். அவருக்கு வேண்டியிருந்தது செடியின் செல். கிடைத்தது மண் குவளை. நுண்துளைகள் உள்ள குவளைக்கு வெளியே மயில்துத்தக் கரைசல், உள்ளே பொட்டாசியம் ஃபெரோசயனைடு. இரண்டும் சுவருக்குள் சந்திக்கும் இடத்தில் செம்பழுப்பாக ஒரு சவ்வு படியும். அது தண்ணீரை விடும், சர்க்கரையை விடாது. அந்தக் குவளையில் சர்க்கரைத் தண்ணீரை அடைத்துத் தண்ணீரில் முக்கினால், வெளித்தண்ணீர் முண்டியடித்து உள்ளே வரும். குவளையோடு இணைத்த குழாயில் பாதரசம் சுமார் 53 சென்டிமீட்டர் ஏறியது. தண்ணீராகச் சொன்னால் ஏழு மீட்டர், இரண்டு மாடி உயரம்!

பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஒரு தெருச் சந்திப்பு. மனைவியோடு நடந்துகொண்டிருந்த வேதியியலாளர் வான்ட் ஹாஃப், எதிரே வந்த தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸிடம் பேச்சுக் கொடுத்தார். ஃபெஃபரின் குவளையில் ஒரு டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 270-இல் ஒரு பங்கு கூடுகிறது என்றார் டி விரிஸ். வாயுக்களுக்கு அது 273-இல் ஒரு பங்கு என்பது வான்ட் ஹாஃபுக்கு மனப்பாடம். கரைந்த சர்க்கரை வாயுவைப் போலவே கணக்குக்குக் கட்டுப்படுகிறது! வாயுச் சமன்பாட்டில் அந்தப் பத்து கிராமைப் போட்டுப் பார்த்தேன். 52 சென்டிமீட்டர் வந்தது. 1901-இல் வேதியியலின் முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குப் போனபோது, இந்த அழுத்தமும், அதாவது சவ்வூடு பரவல் அழுத்தமும், அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்தத் தெருவில் மனைவி எவ்வளவு நேரம் காத்து நின்றார் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

உயிரியல் மாணவர்களுக்கு இயற்பியல் வேதியியல் என்றாலே வேப்பங்காய். பாவம், அவர்கள்மேல் குற்றமில்லை. காலையில் ஆய்வகத்தில் ரியோ இலையின் ஊதாத் தோலை உரித்து, உப்புத் தண்ணீர் சொட்டி, செல்லுக்குள் ஊதா நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைப் பார்க்கிறார்கள். மதியம் வேறொருவர் வந்து பிஸ்டன், உருளை, இலட்சிய வாயு என்று கரும்பலகையை நிரப்புகிறார். இரண்டும் ஒரே சங்கதி என்று சொல்ல ஆளில்லை. பாடத்திட்டம் என் கையில் இருந்தால் மண் குவளைதான் முதல் பாடம். பிஸ்டன் மூன்றாம் வாரம் வந்தால் போதும்.