முன்னுரை கடைசியில் வரும்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019 நவம்பருக்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைத் தலைப்பு அடிக்கடி வந்து சேர்கிறது: ‘நமது மாவட்டத்தின் வரலாறு’. தெருவிலேயே ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் ஒருவர் இருந்தால் பெற்றோருக்கு வேறென்ன வேண்டும்? நோட்டும் பேனாவுமாகப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். முக்கால்வாசி நோட்டுகளில் முதல் வரி ஒன்றேதான்: ‘வரலாற்றுச் சிறப்பும் இயற்கை எழிலும் ஒருங்கே அமைந்தது நமது கள்ளக்குறிச்சி மாவட்டம்.’

நான் திட்டுவதில்லை. மாவட்டத்தின் பெயரை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் நோட்டை நீட்டுவேன். “இது எந்த ஊரைப் பத்தி, சொல்லு பார்ப்போம்.” ஒருத்தி சேலம் என்பாள், ஒருவன் தஞ்சாவூர் என்பான். சிரிப்பு அடங்குவதற்குள் எழுதிய பிள்ளையே அந்த வரியை அடித்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மாதிரி முன்னுரைகளை உற்பத்தி செய்தவனே நான்தான். கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தும் காட்டுவேன். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்பதுதான் அதில் எனக்கிருந்த பெருமை! முன்னுரை போடுவதில் ராஜராஜ சோழன் என்னைவிடப் பெரிய ஆள். அவன் காலத்திலிருந்து சோழர் கல்வெட்டுகள் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். யாரோ ஒருவர் கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தியாக இருக்கும். ஆனாலும் முதலில் மன்னன் வென்ற நாடுகளின் பட்டியல் வந்தாக வேண்டும். ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகளும் கூடும் என்பதால், கல்வெட்டின் காலத்தைக் கணிக்க அது உதவுகிறது. மன்னனுக்கு அந்த முன்னுரை பொருந்தும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியது வேறு.

அது என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. அசோகர் தம் கல்வெட்டில் தெற்கே இருந்தவர்களைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்றும் ஒருவரைச் சொல்கிறார். மற்ற மூவரையும் நமக்குத் தெரியும். சத்தியபுத்திரர் யார்? அறிஞர்கள் வெகுகாலம் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில், மலைக்குகையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ஒரே வரி. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று அதில் இருந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, “ஜம்பையைப் பத்தி எழுதணும்னா எங்கே ஆரம்பிப்பீங்க?” என்று கேட்டால், இயற்கை எழிலிலிருந்து யாரும் ஆரம்பிப்பதில்லை. “சத்தியபுத்திரர் யாருன்னு ரொம்ப நாளா தெரியலை” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு கேள்வி, அதற்குப் பதில், பதிலுக்குச் சான்று. மூன்றும் கையில் இருந்தால் முன்னுரை தானாக வந்துவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தது கல்வராயன் மலையில் படித்த ஒரு பெண். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் நான் பள்ளிக்குப் போய்வந்த காலம் அது. பாடம், ஜமீன்தாரி ஒழிப்பு. சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் 1948இல் வந்தது என்று நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் வாயே திறக்காமல் இருப்பவள் எழுந்தாள். “சார், எங்கம்மா பொறந்தப்புறமும் ஜாகீருக்குத்தான் வரி கட்டினோம்னு எங்க ஆயா சொல்லுது. அப்ப ஆயா சொல்றது பொய்யா, புஸ்தகம் பொய்யா?”

இரண்டும் பொய்யில்லை. அந்த மலை, ஜமீன்தார்களைப் போல வரி வாங்கிய மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அரசு அதை எடுத்துக்கொண்டது 1976இல். சமவெளியில் சட்டம் வந்து 28 ஆண்டுகள் கழித்து! அதை அவளிடம் சொல்லிவிட்டு, “ஏன் இவ்வளவு தாமதம்? அதையே கட்டுரையா எழுதேன்” என்றேன்.

அவள் உடனே ‘முன்னுரை’ என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இழுத்துவிட்டாள். அதற்குக் கீழே ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். எந்த இடம், எந்தக் காலம், என்ன கேள்வி, உன் பதில் ஒரே வரியில், அதற்கு என்னென்ன சான்று. இதை மட்டும் குறித்துக்கொள், முன்னுரைக்கு இடம் விட்டுவிட்டு நடுவிலிருந்து எழுது என்றேன். மண்டபமும் முகூர்த்தமும் முடிவாகாமல் யாராவது கல்யாணப் பத்திரிகை அடிப்பார்களா?

அடுத்த சில நாள் அவளுக்கு வேலை வீட்டில்தான். ஆயாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள்: எவ்வளவு வரி, யார் வந்து வாங்கினார்கள், கூலியில்லாமல் எத்தனை நாள் உழைத்தார்கள், மலைக்குப் பாதை எப்போது வந்தது. கிருஷ்ணதேவராயர் இந்த மலையை ஜாகீர்தார்களுக்குக் கொடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. அதையும் எழுதியிருந்தாள். “‘கொடுத்தார்’னு எழுதாதே. ‘கொடுத்தார் என்பார்கள்’னு எழுது” என்றேன். ஒரு சொல்தான் வித்தியாசம். வரலாற்றுப் பாடத்தில் பாதி அதற்குள் இருக்கிறது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நடுப்பகுதி முடிந்தபின் அவள் எழுதிய முன்னுரை ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘1948இல் ஜமீன்தாரியை ஒழிக்கச் சட்டம் வந்தது. எங்கள் கல்வராயன் மலையில் ஜாகீர் முறை 1976 வரை இருந்தது. ஏன் இந்தத் தாமதம்? மலைக்கு நல்ல பாதை இல்லாதது ஒரு காரணம். மிச்சமிருந்த இனாம்களை ஒழிக்கும் சட்டங்கள் 1963இல்தான் வந்தது இன்னொரு காரணம். இந்த இரண்டையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.’

அலங்காரம் ஏதும் இல்லை. தலைப்பை மறைத்துவிட்டு வாசித்தாலும் இது எந்த மலை என்று தெரிந்துவிடும். காரணங்கள் இரண்டோடு முடியாது, மேலே படித்தால் இன்னும் கிடைக்கும். ஆனால் இரண்டு சொல்கிறேன் என்றாள், இரண்டையும் சொல்லியிருந்தாள்.

இவ்வளவு வயதுக்குப் பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். பிள்ளைக்கு எழுத வராததற்குப் பல சமயம் காரணம் மொழி இல்லை. கேட்க வேண்டிய கேள்வி அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் பெரியவர்கள் நமக்குப் பொறுமை இருப்பதில்லை. பேனாவை வாங்கி நாமே முதல் வரியைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிள்ளையும் நன்றாக எழுதிக்கொள்கிறது, நம் வரியை. அதற்குப் பதிலாக, “இதுல உனக்கு என்னடா புரியலை?” என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு, அது பதில் சொல்கிறவரை வாயை மூடிக்கொண்டிருங்கள். வாத்தியார் வேலையில் எனக்குக் கடைசியாக வந்த பாடம் அந்த இரண்டாவதுதான்.