மனப்பாடமும் புரிதலும்

மனப்பாடம் மட்டும் போதாது, புரிந்துகொண்டு படியுங்கள் என்று மாணவர்களிடம் அடிக்கடி சொல்பவள் நான். ஆயினும், மனப்பாடம் உயிர்காக்கும் இடமும் உண்டு.

2024 மே 8ஆம் நாள், சிங்கப்பூரின் தெங்கா ஆகாயப்படைத் தளத்தில் மேலெழும்பிய எஃப்-16 போர் விமானம் ஒன்று உடனே கட்டுப்பாட்டை இழந்தது. அதன் முகப்பு ஏறி இறங்குவதை அளக்கும் மூன்று முதன்மைக் கருவிகளில் இரண்டு ஒரே நேரத்தில் பழுதாகி, ஒரேமாதிரியான தவறான அளவைக் காட்டின. கணினியோ அவ்விரண்டையும் நம்பி, சரியாக அளந்த மூன்றாவதை ஒதுக்கியது. அவசர நடைமுறையைப் பின்பற்றிய விமானி, இருக்கையோடு வெளியேறி உயிர்தப்பினார்.

போர் விமானிகள் பயிற்சிக் காலத்திலேயே அவசர நடைமுறைகளை மனப்பாடம் செய்து, விமானம் போலவே அமைந்த பயிற்சிக் கருவியில் பலமுறை பழகுகிறார்கள். பழுதின் காரணத்தைப் பின்னர் ஆராயலாம். வானில் அதற்கு நேரமில்லை. புரிதல் வேண்டும், புரிந்தது கைக்குப் பழகவும் வேண்டும்.